எதை நிமிர்த்துவது, எதை விட்டுவைப்பது?
தண்டுவடம் பாதித்தவர்களின் மூட்டுகளும் ஸ்பிளின்ட்டும்

(நமது டிரஸ்ட்டின் மாதாந்திரக் குடும்ப நலக் கூட்டத்தில், மறுவாழ்வுப் பிரிவில் பணியாற்றும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் சகோதரி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



தண்டுவடம் அடிபட்டவர்களின் வீட்டிலிருந்து டிரஸ்ட்டுக்கு உதவி கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பொருள்களைத்தான் கேட்கிறார்கள். ஒன்று சக்கர நாற்காலி, இன்னொன்று காற்று மெத்தை. இரண்டும் தேவைதான். ஆனால் நாற்காலி வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும் நாளில், அதில் உட்கார வேண்டியவரின் பாதம் கால்பலகையில் படியாமல் நுனிவிரலில் தொங்குவதையும், முழங்கை நிமிராமல் மார்போடு ஒட்டிக்கிடப்பதையும் நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். நாற்காலிக்குக் கொடுத்த பணம் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதியை முதல் மாதமே வேறு ஒன்றுக்குச் செலவழித்திருந்தால், நாற்காலி முழுப் பயன் தந்திருக்கும். அந்த வேறு ஒன்றைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நம் ஊர்ப் பக்கம் யாருக்கு இந்தக் காயம் வருகிறது என்பது உங்களுக்கே தெரியும். பைக்கில் போனவர், தென்னை மரத்திலிருந்து விழுந்தவர், சாரத்திலிருந்து தவறியவர், கிணற்றுக்குள் தலைகீழாகக் குதித்த பையன். வளைகுடாவில் வேலை பார்த்த இடத்தில் விழுந்து, அங்கே சில மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, ஸ்ட்ரெச்சரில் விமானம் ஏறி வந்து சேர்ந்தவர்களும் உண்டு. பெரும்பாலும் வாலிபப் பிள்ளைகள்.

தண்டுவடம் அடிபட்டால் அதற்குக் கீழே மூளையின் உத்தரவு போய்ச் சேராது. கழுத்தில் அடி என்றால் கை, கால் இரண்டும் பாதிக்கும். முதுகில் அடி என்றால் கை தப்பிக்கும், கால் போகும். இது எல்லோருக்கும் தெரிகிறது. தெரியாமல் போவது அடுத்த கட்டம். அசையாத மூட்டு அப்படியே சும்மா காத்திருப்பதில்லை. நம்முடைய தசையும் அதைச் சுற்றியுள்ள சவ்வும் எந்த நீளத்தில் வைக்கப்படுகின்றனவோ அந்த நீளத்துக்கே தங்களைத் திருத்திக்கொள்ளும். மடக்கியே வைத்தால் மடங்கிய அளவுக்குத் தசை குட்டையாகிவிடும். சில வாரங்களிலேயே இது தொடங்கிவிடுகிறது. கொஞ்ச நாள் கழித்து மூட்டைச் சுற்றியுள்ள உறையும் இறுகிப்போகும். அதற்குப் பிறகு கையால் இழுத்துச் சரி செய்ய முடியாது. சிலருக்கு அறுவை சிகிச்சைதான் வழி என்றாகிவிடும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மூட்டை மடக்குவதற்கு ஒரு தசை, நிமிர்த்துவதற்கு ஒரு தசை. கழுத்தில் ஐந்தாம், ஆறாம் நரம்பு மட்டத்தில் காயம் பட்டவருக்கு முழங்கையை மடக்கும் தசை வேலை செய்யும். நிமிர்த்தும் தசை வேலை செய்யாது. மருத்துவர் சீட்டில் சி-5, சி-6 என்று எழுதியிருப்பது இதைத்தான். கயிறிழுக்கும் போட்டியில் ஒரு பக்கம் ஆளே இல்லாவிட்டால் கயிறு எந்தப் பக்கம் போகும்? கை மடங்கி மேலே வந்துவிடும். திரும்பக் கீழே இறக்க ஆள் இல்லை. உம்மாவோ மனைவியோ பார்த்து இறக்கிவிட்டால்தான் உண்டு.

இந்த இடத்தில் வருவதுதான் ஸ்பிளின்ட். எலும்பு முறிந்தால் அந்தக் காலத்தில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார்களே, அதன் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வேலை வேறு. பத்தை முறிந்த எலும்பை அசையாமல் பிடிக்கும். ஸ்பிளின்ட் முறியாத மூட்டை நல்ல நிலையில் தாங்கிப் பிடிக்கும். மாவுக்கட்டில் செய்யலாம், அலுமினியத் தகட்டில் செய்யலாம். இதோ மேசை மேல் வெள்ளையாக இருப்பது ஒருவகை பிளாஸ்டிக். சுடுநீரில் போட்டால் அப்பளம் ஊறியதுபோல் குழையும். நோயாளியின் கை மேலேயே வைத்து வடிவம் கொடுத்தால் சில நிமிடத்தில் கெட்டியாகிவிடும். விலை கொஞ்சம் கூடுதல். ஆனால் சரியாக இல்லையென்றால் திரும்பச் சூடாக்கி மாற்றலாம். ஒரு எச்சரிக்கை, இதை வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள். திரும்பி வரும்போது அது வேறு யாருடைய கைக்கோ செய்ததுபோல் இருக்கும்.

முதலில் பாதத்தைச் சொல்லிவிடுகிறேன், அது எளிது. மல்லாந்து படுத்திருக்கும்போது பாதம் தானாகவே கீழ்நோக்கித் தொங்கும். மேலே போர்த்தும் கம்பளிப் போர்வையின் பாரம் அதை இன்னும் அழுத்தும். பின்னங்கால் தசை குட்டையாகிவிட்டால் பாதம் 90 டிகிரிக்கு வராது. நாற்காலியின் கால்பலகையில் உள்ளங்கால் படியாது, பாரம் முழுவதும் விரல் நுனியில் விழும், அங்கே புண் வரும். பிடித்து நிற்க வைக்கும் பயிற்சியும் முடியாமல் போகும். இதற்கு முழங்காலுக்குக் கீழிருந்து பாதம் வரை பின்பக்கம் தாங்கும் ஸ்பிளின்ட் போடுகிறோம். அதில் குதிகால் எதிலும் படாமல் இடைவெளி இருக்க வேண்டும். கடையில் ரெடிமேடாக வாங்கி வருகிறவர்கள் தவறுவது இதில்தான். குதிகால் எங்கும் இடிக்கவில்லையே என்று விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். போர்வையைக் கால்மாட்டில் ஒரு அட்டைப் பெட்டி மேல் ஏற்றிவிட்டாலே பாரம் போய்விடும். அதற்குக் காசு கிடையாது.

முழங்கால், இடுப்பு இரண்டுக்கும் நான் ஸ்பிளின்ட்டை விடப் படுக்கும் விதத்தைத்தான் நம்புகிறேன். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் பிள்ளைக்குச் சுகமாக இருக்கும் என்று எல்லா வீட்டிலும் வைக்கிறார்கள். நாள் முழுக்க அப்படி வைத்தால் முழங்காலும் இடுப்பும் மடங்கியே இறுகும். மருத்துவர் அனுமதித்தால், முதுகெலும்பு உறுதியான பிறகு, தினம் கொஞ்ச நேரம் குப்புறப் படுக்க வையுங்கள். பாதம் மெத்தையின் விளிம்பைத் தாண்டி வெளியே தொங்கும்படி படுக்க வைத்தால் இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஒரே நேரத்தில் நல்ல நிலைக்கு வரும். இதற்கு இணையான ஸ்பிளின்ட்டை நான் எங்கும் பார்த்ததில்லை. மூச்சுத் திணறல் உள்ளவர்களுக்கும் கழுத்தில் காயம் பட்டவர்களுக்கும் கேட்காமல் செய்யக் கூடாது.

படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள் என்று எல்லா ஆஸ்பத்திரியிலும் சொல்கிறார்கள் இல்லையா, அந்தப் பழக்கத்தை விடாப்பிடியாக நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர். 1944இல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் இப்படிப்பட்ட நோயாளிகளுக்கென்றே ஒரு பிரிவு தொடங்கினார். அதற்கு முன்பு இந்தக் காயம் பட்டவர்கள் பெரும்பாலும் படுக்கைப்புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும் இறந்து போவார்கள். புரட்டுவது தோலைக் காக்கத்தான். ஆனால் ஒவ்வொரு முறை புரட்டும்போதும் கை எப்படிக் கிடக்கிறது, கால் எப்படிக் கிடக்கிறது என்று பார்த்துச் சரி செய்தால் மூட்டுக்கும் அதுவே மருந்து. தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம்.

முழங்கைக்கு வருவோம். ஆறாம் மட்டக் காயம் உள்ளவருக்கு நிமிர்த்தும் தசை இல்லை என்று சொன்னேன். ஆனால் அவரால் தோளைச் சுழற்றி, கையைப் பின்னால் ஊன்றி, முழங்கையைப் பூட்டுப் போட்டதுபோல் நிறுத்த முடியும். அப்படி நிறுத்தி உடம்பைத் தூக்கித்தான் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுகிறார். முழங்கை முழுதும் நிமிர்ந்தால்தான் பூட்டு விழும். சுமார் 25 டிகிரி மடங்கி இறுகிவிட்டால் பூட்டு விழாது. அந்த 25 டிகிரி பார்வைக்குச் சின்னதாகத் தெரியும். சட்டைக் கைக்குள் யாருக்கும் தெரியாது. ஆனால் தானாக நாற்காலிக்கு மாறக்கூடியவர், ஆயுள் முழுக்க இன்னொருவர் தூக்கிவைக்க வேண்டியவராகிவிடுவார். கட்டிலில் கிடக்கும்போது கை மார்பின் மேல் மடங்கிக் கிடந்தால் எடுத்து நீட்டி வையுங்கள். இரவில் ஸ்பிளின்ட் தேவையா என்று முதல் மாதத்திலேயே கேளுங்கள்.

இப்போது விரல்கள். நான் வந்ததே இதைச் சொல்லத்தான்.

எல்லோரும் வலது முழங்கையை மேசையிலோ தொடையிலோ ஊன்றிக்கொண்டு, கையைத் தளர விடுங்கள். மணிக்கட்டை முன்னால் தொங்கவிடுங்கள். விரல்கள் தானாக விரிகின்றனவா? இப்போது மணிக்கட்டை மட்டும் பின்னால் தூக்குங்கள், விரல்களை நீங்களாக மடக்க வேண்டாம். பாருங்கள், விரல்கள் தானாக உள்ளே சுருண்டு, கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் பக்கத்தில் வந்து ஒட்டுகிறது. விரலை மடக்கும் தசைநாண்கள் முன்கையிலிருந்து மணிக்கட்டின் உள்பக்கமாக விரல் நுனிக்குப் போகின்றன. மணிக்கட்டைத் தூக்கினால் அவற்றின் வழி நீளமாகிறது. நாண் நீளாது, அதனால் விரலை இழுக்கிறது. மணிக்கட்டை இறக்கினால் நாண் தளர்ந்து விரல் விடுபடும்.

ஆறாம் மட்டக் காயம் உள்ளவருக்கு விரல்களை மடக்கும் சக்தி இல்லை. ஆனால் மணிக்கட்டைத் தூக்கும் சக்தி இருக்கிறது. ஆகவே மணிக்கட்டைத் தூக்கினால் பிடி, இறக்கினால் விடுதலை. இந்தப் பிடியில் ஒருவர் பேனா பிடிக்கிறார், செல்போன் எடுக்கிறார், கரண்டியில் சாப்பிடுகிறார், தஸ்பீஹ் மணி உருட்டுகிறார், தன் சிறுநீர்க் குழாயைத் தானே மாற்றிக்கொள்கிறார். மற்றவர் கையை எதிர்பார்த்துக் கிடக்கும் மனிதனுக்கும் தன் காரியத்தைத் தானே பார்க்கும் மனிதனுக்கும் நடுவில் நிற்பது இந்த ஒரு பிடிதான்.

இந்தப் பிடி நன்றாக விழ வேண்டுமானால் விரல் மடக்கும் நாண்கள் கொஞ்சம் இறுக்கமாக இருக்க வேண்டும். முழுதும் தளர்ந்துவிட்டால் மணிக்கட்டை எவ்வளவு தூக்கினாலும் விரல் வராது.

ஒரு உம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். மகன் பைக்கில் போய்க் கழுத்தில் அடிபட்டு, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தான். விரல் மடங்கிப்போய்விடக் கூடாது என்று யாரோ சொன்னதை அந்த உம்மா உயிராகப் பிடித்துக்கொண்டார். தினம் மூன்று வேளை, நல்லெண்ணெய் தடவி, பிள்ளையின் மணிக்கட்டைப் பின்னால் வளைத்து, விரல் ஒவ்வொன்றையும் பின்னுக்கு நிமிர்த்தி, உள்ளங்கை முழுதும் பலகைபோல் விரியும்வரை நீவுவார். ஒரு வேளை தவறியதில்லை. எட்டு மாதம் கழித்து என்னிடம் அழைத்து வந்தபோது பெருமையாகக் காட்டினார்: "பாரு தாயி, ஒரு விரல்கூட மடங்கல." உண்மைதான், ஒரு விரலும் மடங்கவில்லை. மணிக்கட்டு நன்றாகத் தூக்கியது. விரல்கள் துணிபோல் தொங்கின. பிடி இல்லை.

அந்த உம்மாவிடம் நான் என்ன சொல்வது? அவர் அன்பில் குறை இல்லை, உழைப்பில் குறை இல்லை. முதல் வாரத்தில் யாராவது அந்தக் கையைப் பிடித்து இரண்டு நிமிடம் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை. அதற்குப் பின் பல மாதம் விரல்களை மடக்கிய நிலையில் இரவில் கட்டிவைத்து, ஓரளவுக்குத்தான் மீட்க முடிந்தது. முழுதும் இல்லை.

ஆகையால் ஆறாம் மட்டக் கைக்கு ஒரு முறை இருக்கிறது. விரலை நிமிர்த்தும்போது மணிக்கட்டை முதலில் கீழே மடக்குங்கள். மணிக்கட்டைப் பின்னால் தூக்கும்போது விரல்களைச் சுருள விடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் நிமிர்த்தவே கூடாது. பாயிலோ கட்டிலிலோ உட்கார வைத்துக் கையை ஊன்றச் சொல்லும்போதும் இதே கணக்கு. உள்ளங்கையை விரித்து ஊன்றினால் உடம்பின் பாரம் முழுவதும் அந்த நாண்களை இழுக்கும். விரல்களை மடக்கிக்கொண்டு உள்ளங்கையின் அடிப்பகுதியில் ஊன்ற வேண்டும். தொழுகைக்காக உட்கார வைக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

இறுக்கம் வேண்டும் என்றேன் என்பதற்காக, மடங்கியது மடங்கியபடியே கிடக்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். நாண் கொஞ்சம் குட்டையாக இருப்பது வேறு, மூட்டு விறைத்துப்போவது வேறு. சோதிக்க வழி சுலபம். மணிக்கட்டைக் கீழே மடக்கிய நிலையில் ஒவ்வொரு விரலும் முழுதாக நிமிர வேண்டும். நிமிராவிட்டால் மூட்டே இறுகத் தொடங்கிவிட்டது, உடனே காட்டுங்கள். நகம் உள்ளங்கையில் குத்துமளவுக்கு மடங்கிவிட்டால் உள்ளே கழுவ முடியாது, நாற்றமும் புண்ணும் வரும். அதோடு, தசைநாணை இடம் மாற்றிப் பிடியைத் தரும் அறுவை சிகிச்சை ஒன்று உண்டு. மூட்டு இளகியிருக்கும் கைக்குத்தான் அதைச் செய்வார்கள். விறைத்த கைக்கு அந்தக் கதவும் மூடிவிடும்.

காயம் இன்னும் மேலே, நான்காம் மட்டத்தில் என்றால் மணிக்கட்டும் தூக்காது. அந்தக் கைக்கு ஸ்பிளின்ட் வேறு: மணிக்கட்டைச் சற்றுத் தூக்கி, விரல்களை ஒரு டம்ளரைப் பிடித்ததுபோல் லேசாக வளைத்து, கட்டைவிரலை எதிரே நிறுத்தும் ஓய்வு ஸ்பிளின்ட். காயம் பாதியாகப் பட்டு, மாதங்கள் போகப் போகச் சக்தி திரும்பி வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ஸ்பிளின்ட்டை அவ்வப்போது மாற்ற வேண்டும். ஒருவருக்குச் செய்ததை அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு இரவல் கொடுக்காதீர்கள். டிரஸ்ட்டிலும் பழையதைச் சேர்த்துவைத்து வினியோகிக்க வேண்டாம் என்று நிர்வாகிகளிடம் சொல்லியிருக்கிறேன். சக்கர நாற்காலியை அப்படிக் கொடுக்கலாம், இதைக் கொடுக்கக் கூடாது.

இப்போது என்னைப் பற்றியே ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கழுத்துக் காயத்தோடு வருகிற எல்லோருக்கும் ஒரே மாதிரி இரவு ஸ்பிளின்ட் செய்து கொடுத்து, விடியும்வரை கழற்றக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்புவேன். பிறகு ஆய்வுகளைப் படிக்கப் படிக்க அந்தக் கண்டிப்பு குறைந்தது. தசையை நீட்டி வைக்கும் சிகிச்சைகளைப் பற்றி உலகமெங்கும் நடந்த ஆய்வுகளைக் காக்ரேன் என்ற அமைப்பு திரட்டிப் பார்த்து, 2017இல் புதுப்பித்த அறிக்கை வெளியிட்டது. அந்த ஆய்வுகளில் ஸ்பிளின்ட்டும் உண்டு, மாவுக்கட்டும் உண்டு, கையால் நீட்டுவதும் உண்டு. நரம்புப் பாதிப்பு உள்ளவர்களுக்கு ஏழு மாதத்துக்கும் குறைவான காலம் செய்த நீட்டலால் மூட்டின் அசைவில் குறிப்பிடும்படியான பலன் இல்லை என்பதுதான் அது கண்ட முடிவு.

அப்படியானால் எல்லாம் வீணா என்று கேட்பீர்கள். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஆய்வுகள் பலவற்றில், வழக்கமான பராமரிப்பு கிடைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு மேலும் கொஞ்சம் நீட்டல் சேர்த்துப் பார்த்தார்கள். யாரும் ஒரு மனிதனை மாதக்கணக்கில் மடக்கிப் போட்டு என்ன ஆகிறது என்று சோதிக்க முடியாது. மடக்கிப் போட்டால் என்ன ஆகும் என்பதை நான் வீடு வீடாகப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு பாடம் எனக்குக் கிடைத்தது. தினம் அரை மணி நேரம் இழுப்பதால் மீதி இருபத்து மூன்றரை மணி நேரக் கிடப்பை ஈடுகட்ட முடியாது. ஸ்பிளின்ட் போட்டாயிற்று, கடமை முடிந்தது என்று இருக்கவும் முடியாது. படுக்கும் விதம், உட்காரும் விதம், அந்தக் கையை அவரே வேலைக்குப் பயன்படுத்துவது, இவை முதலில். ஸ்பிளின்ட் அவற்றுக்குத் துணை. இரவெல்லாம் ஸ்பிளின்ட்டால் தூக்கம் போகிறது என்றோ தோல் கெடுகிறது என்றோ ஒருவர் சொன்னால், இப்போது நான் திட்டுவதில்லை. நேரத்தைக் குறைத்துக் கொடுக்கிறேன். சிலருக்கு நிறுத்தியும் இருக்கிறேன்.

தோல் என்றதும் நினைவுக்கு வருகிறது, இதைத் தூங்காமல் கேளுங்கள். உணர்ச்சி இல்லாத கைகாலுக்கு ஸ்பிளின்ட் இடிப்பது தெரியாது. உங்கள் செருப்பு கடித்தால் கழற்றிவிடுவீர்கள். அவர் கழற்ற மாட்டார், புண் எலும்பு வரை போகும். புதிய ஸ்பிளின்ட்டை முதல் தடவை 15 நிமிடம் மாட்டிக் கழற்றிப் பாருங்கள். அழுத்திய இடத்தில் தடம் விழுந்து அரை மணி நேரத்தில் மறைந்தால் பரவாயில்லை. மறையாவிட்டால் மாட்டாமல் திரும்பக் கொண்டு வாருங்கள். பிறகு அரை மணி, ஒரு மணி என்று மெல்லக் கூட்டுங்கள். புத்தகத்தில் சிவப்பைப் பார் என்று எழுதியிருக்கும். நம் நிறத்தில் சிவப்பு சரியாகத் தெரியாது. அந்த இடம் கறுத்திருக்கிறதா, பக்கத்தை விடச் சூடாக இருக்கிறதா, தொட்டால் கெட்டியாக இருக்கிறதா என்று புறங்கையால் தடவிப் பாருங்கள்.

ஒளூவைப் பற்றி எப்போதும் கேட்பார்கள். மார்க்கச் சட்டத்தை ஆலிமிடம் கேளுங்கள், நான் சொல்ல ஆளில்லை. மருத்துவத்தைச் சொல்கிறேன்: வெல்க்ரோ போட்ட ஸ்பிளின்ட்டைக் கழற்றி ஒளூ செய்வதால் மூட்டுக்கு எந்தக் கெடுதலும் இல்லை. ஈரத்தை நன்றாகத் துடைத்து, விரல் இடுக்கு காய்ந்த பிறகு மாட்டுங்கள். கழற்றக் கூடாத மாவுக்கட்டு என்றால் அதை ஆலிமிடம் விவரமாகச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னும் இரண்டு ஆபத்து அறிகுறிகள். இடுப்பு, முழங்கால் பக்கம் திடீரென்று வீங்கி, சூடாகி, மூட்டு முன்பைவிட இறுகினால் வலுக்கட்டாயமாக அசைக்காதீர்கள், நீவாதீர்கள். காலின் ரத்தக் குழாயில் உறைவு இருக்கலாம், அல்லது தசைக்குள் எலும்பு வளரத் தொடங்கியிருக்கலாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள். இரண்டாவது, கழுத்திலோ மார்பின் ஆறாம் மட்டத்துக்கு மேலோ காயம் உள்ளவருக்குத் திடீரென்று தலை வெடிக்கும்படி வலித்து, முகம் வியர்த்துச் சிவந்தால் ரத்த அழுத்தம் ஏறுகிறது என்று பொருள். உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள். ஸ்பிளின்ட், பெல்ட், இறுக்கமான உடை எல்லாவற்றையும் தளர்த்துங்கள். சிறுநீர்க் குழாய் மடங்கி அடைத்திருக்கிறதா பாருங்கள். இறுகக் கட்டிய ஸ்பிளின்ட்டுகூட இதைக் கிளப்பிவிடும். குறையாவிட்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. இது உயிர் போகும் விஷயம்.

எங்கே போவது? சென்னையில் கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் 1966இல் தொடங்கியது. அதைத் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, இரண்டு காலும் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. அதை 1981இல் நிறுவிய எஸ். ராமகிருஷ்ணன், 1975இல் கழுத்தில் அடிபட்டுக் கை, கால் இரண்டும் செயலிழந்தவர். தூரம் போக முடியாதவர்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி பிரிவைக் கேளுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவதற்கு ஏற்பாடு இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

வெளிநாட்டிலிருந்து பிள்ளையை அழைத்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டிக்கெட், தூதரகம், ஸ்ட்ரெச்சர் என்று அலைகிற அலைச்சலில் காகிதங்கள் விட்டுப்போகின்றன. டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் படம், எந்த மட்டம் வரை சக்தியும் உணர்ச்சியும் இருக்கின்றன என்று ஊசியால் தொட்டுப் பார்த்து எழுதும் ஏ.எஸ்.ஐ.ஏ. அட்டவணை, இவற்றைக் கேட்டு வாங்குங்கள். அங்கே போட்டுக்கொண்டிருந்த ஸ்பிளின்ட்டைத் தூக்கிப் போடாமல் பெட்டியில் வையுங்கள். எங்களிடம் வந்ததும் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: "எங்கள் பிள்ளைக்கு எந்த மட்டம்? எந்த மூட்டை நிமிர்த்த வேண்டும், எதை விட்டுவைக்க வேண்டும்?" நாங்கள் அவசரத்தில் இருந்தாலும் விடாதீர்கள். பதில் சொல்லும்வரை நில்லுங்கள். சொன்னதை அவருடைய கையில் செய்து காட்டச் சொல்லி, போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பகலில் பார்ப்பவர் ஒருவர், இரவில் பார்ப்பவர் இன்னொருவர் என்று இருக்கும் வீடுகளில் அந்தப் படம் எல்லோருக்கும் பயன்படும்.

மேசை மேல் நான்கு மாதிரி வைத்திருக்கிறேன். கையில் எடுத்துப் பாருங்கள், மாட்டிப் பாருங்கள். பெண்கள் பகுதிக்கு இரண்டை அனுப்பியிருக்கிறேன். வீட்டில் யாருக்காவது இந்தப் பிரச்சினை இருந்தால் மஃரிப் வரை இங்கேதான் இருப்பேன், போனில் அவர்களுடைய கையை, காலைப் படம் எடுத்து வந்திருந்தால் காட்டுங்கள்.